பெருமை பேசினால் போதுமா?



"ஓர் ஆசிரியர், விடுமுறையில் தாயம் உருட்டவா கோலாலம்பூர் வரைக்கும் போகிறீர்?" அண்மையில் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். பலகை விளையாட்டு விழாக்களுக்குச் சென்றுவருவது என் நெடுநாள் பொழுதுபோக்கு. அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். இன்று விடை சொல்கிறேன்.

விளையாட்டு சிறுவர்க்கு உரியது என்பது நம்மவர் எண்ணம். செருமனியின் எசன் நகரில் 1983 முதல் நடந்துவரும் விளையாட்டுக் கண்காட்சிக்கு 2024-இல் நான்கே நாளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். அத்தனை பேரும் சிறுவர்களா?

நம் மேடைகளிலோ வேறு முழக்கம். "பரமபதம் நம்முடையது, வெள்ளையன் அதைப் பாம்பும் ஏணியும் ஆக்கினான். லூடோவும் இங்கிருந்து போனதே!" உண்மைதான். இந்தியாவின் பச்சீசி ஆட்டத்தைத் தழுவிய லூடோவுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்கள். ஆனால், இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவோர் வீட்டில் ஒரு பல்லாங்குழிப் பலகை உண்டா? பிள்ளைகளோடு அமர்ந்து கடைசியாக ஆடியது எப்போது?

விழாக்களில் நான் காண்பது வேறு. இளைஞர் ஒருவர் தாளை வெட்டி ஒட்டித் தாமே உருவாக்கிய ஆட்டத்தைக் கொண்டுவருவார். முன்பின் அறியாத நால்வர் அமர்ந்து ஆடுவர். "நடுவில் சலிப்புத் தட்டுகிறது" என்று முகத்துக்கு நேரே சொல்வர். அவர் சினப்பதில்லை, குறித்துக்கொள்கிறார். நம் இலக்கிய மேடைகளில் இது நடக்குமா? அங்கே எல்லாம் 'அருமை, அருமை'தான்!

ஒருமுறை நானும் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைத் தாளில் வரைந்து எடுத்துச் சென்றேன். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாவி வெட்டும். ஆடுகள் கூடி மடக்கும். இரு தரப்புக்கும் இருவேறு வலிமை, இருவேறு இலக்கு. ஒரு சீன இளைஞரும் ஒரு மலாய்ப் பெண்ணும் நான்கு முறை விடாமல் ஆடினர். இறுதியில் அப்பெண் கேட்டார்: "விதிகளை எழுதி வைத்திருக்கிறீர்களா, சிக்கு?"

என்னிடம் இல்லை. பல்லாண்டு தமிழ் கற்பிக்கும் நான், என் பாட்டி கற்றுத்தந்த ஆட்டத்துக்கு ஒரு பக்க விதி எழுதியிருக்கவில்லை. மேடைப் பேச்சாளரைக் குறை சொன்ன எனக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு? தலைகுனிந்தேன்.

பள்ளி திறந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களையே எழுதச் சொன்னேன். 'புலி ஆட்டைத் தாண்டலாம்' என்று ஒருவன் எழுதினான். ஓர் ஆட்டையா, இரண்டையா? தாண்டியபின் மீண்டும் தாண்டலாமா? மேசையில் சண்டை மூண்டது. வாக்கியத்தை ஆறு முறை திருத்தினார்கள். என் சிவப்பு மை ஒருநாளும் செய்யாத வேலையை அந்தச் சண்டை செய்தது. தெளிவற்ற தமிழில் ஆட முடியாது என்பதை அவர்களே கண்டுகொண்டனர்.

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அரசு நீக்கியது. புள்ளி மோகம் மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை. விளையாட்டு நேரத்தைப் பறித்துப் பயிற்றி நூல்களைத் திணிக்கிறோம்.

நண்பரே, ஆம், நான் தாயம் உருட்டத்தான் போகிறேன். அடுத்த விழாவுக்கு மாணவர் எழுதிய விதித்தாளும் உடன் வரும். 'நம்முடையது' என்று சொல்லும் உரிமை, ஆடுகிறவனுக்கே உண்டு.

சிந்திப்போமாக!