‘சம்பாதிக்க ஆரம்பிச்சா தானா தெரியும்’ என்பவர்களுக்கு

“படிக்கிற பிள்ளைக்கு எதுக்குச் சட்டமும் வட்டிக் கணக்கும்? முதல்ல மார்க் எடுக்கட்டும். சம்பாதிக்க ஆரம்பிச்சா எல்லாம் தானா தெரிஞ்சிடும்.” திருத்தணியில் இதைப் பெற்றோர் கூட்டத்திலும் கேட்கலாம், மலையடிவாரக் கடைத்தெருவிலும் கேட்கலாம். ஆசிரியர்களே சொல்வதும் உண்டு. பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அக்கறை பிள்ளைகளை ஆபத்தில் விடுகிறது என்பதால், அதன் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

முதல் வாதம், ‘இதெல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது. பதினொன்றாம் வகுப்புப் பையன் அப்பாவின் பைக்கில் டியூஷனுக்குப் போகிறான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, அவன் பிடிபட்டால் வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அவனுக்கு 25 வயதுவரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. கம்பெனியில் டிரைவர் வேலைக்கோ டெலிவரி வேலைக்கோ போக நினைக்கும் பையனுக்கு இது வாழ்க்கைக் கேள்வி. அவனுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

பணமும் அப்படித்தான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்தது இந்தத் திருத்தணியில்தான். அவருடைய பிறந்தநாளான செப்டம்பர் 5 அன்று, 2022இல், புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அவரவர் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப்புதல்வன் மூலம் ஆண்பிள்ளைகளுக்கும் வந்தது. நல்ல திட்டங்கள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கணக்கைக் கொடுத்த நாம், கணக்கை எப்படிக் காப்பது என்பதைக் கொடுக்கவில்லை. “உன் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் கொடு, மாசம் கமிஷன் தர்றேன்” என்று கல்லூரிப் பிள்ளைகளை அணுகும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு வழியாக ஓடுவது எங்கோ ஒருவரிடம் திருடிய பணம். ஒருநாள் கணக்கு முடக்கப்படும். வேறு மாநிலப் போலீசிடமிருந்து நோட்டீஸ் வரும். விசாரணையில் நிற்கப்போவது கமிஷன் கொடுத்த ஆள் இல்லை, கணக்கில் பெயர் உள்ள பிள்ளை.

பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து மாறாத சட்டம். பதினெட்டு நிறைந்ததும் அந்தக் காப்பு போய்விடுகிறது. நண்பனின் செல்போன் தவணைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால், நண்பன் கட்டாத பணம் முழுவதற்கும் அவனைப் போலவே இவனும் பொறுப்பு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு அது. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வயது பதினேழு. ‘அப்புறம்’ என்பது கையெழுத்துப் போட்ட பிறகு.

அடுத்தது, ‘இது காமர்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு உள்ளது’ என்பது. கோயில் அடிவாரத்தில் பூ, தேங்காய், டிபன் என்று கடை போடுபவர்களில் தண்டல் வாங்காதவர் குறைவு. கணக்கு எளிமையாகத் தெரியும்: தண்டல்காரர் கையில் 8,500 ரூபாய் தருவார், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, பதினஞ்சு பர்சென்ட்தானே” என்று கடைக்காரர் நினைக்கிறார். அது தவறு. முழு 8,500 ரூபாயும் நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. தினமும் அசல் குறைகிறது. சராசரியாகப் பாதி, அதாவது 4,250 ரூபாய்தான் அவரிடம் இருக்கிறது. அதற்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 120 சதவீதத்துக்கும் மேல் போகிறது. இதைப் போட எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது என்பதையும் அதே வகுப்பில் சொல்லலாம். பூக்கடைக்காரரின் மகள் உயிரியல் பிரிவில் படித்தால் இந்தக் கணக்கு அவளுக்கு வேண்டாமா?

கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகப்போகும் பிள்ளைகளும் எல்லாக் குரூப்பிலும் இருக்கிறார்கள். முதல் மாதச் சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று பிடித்தம் வந்தால், “எதுக்கோ பிடிச்சிட்டான்” என்று மட்டும் வீட்டில் சொல்கிறார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவரிடம் இ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். அந்தச் சிறு தொகைக்குக் குடும்பத்தின் மருத்துவமே அடங்கியிருக்கிறது. இது தெரியாமல் அம்மாவின் ஆபரேஷனுக்கு நகையை அடகு வைக்கிறார்கள். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுபவர்கள், பத்தாண்டுப் பணிக்காலம் சேர்ந்தால் ஓய்வூதியம் உண்டு என்பதை அறியாமலே அதை அறுத்துக்கொள்கிறார்கள்.

‘வீட்டில் கற்றுக்கொள்வார்கள்’ என்பது மூன்றாவது. எந்த வீட்டில்? ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது போலீஸ் கணக்கு. பணம் போட்டவர்கள் எல்லாம் பெரியவர்கள், சம்பாதிப்பவர்கள், ‘தானா தெரிஞ்சிடும்’ என்ற பள்ளியில் படித்து முடித்தவர்கள். மாதம் 30 சதவீதம் என்றால் நான்கே மாதத்துக்குள் போட்ட பணத்துக்குச் சமமான வட்டி. எந்தத் தொழிலால் அப்படிக் கொடுக்க முடியும் என்று கேட்கும் பழக்கம் வயதால் வருவதில்லை.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. இங்கே பல வீடுகளில் பேச்சு தெலுங்கு, பள்ளிக்கூடம் தமிழ், பாரங்கள் பாதி ஆங்கிலம். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கத்துத் தறி வீடுகளில் வங்கிப் பாரம், ஆஸ்பத்திரிப் பாரம், ரேஷன் கடை மெசேஜ் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்பவர் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அந்த வீட்டுக்கே தெரிந்ததாகும். வீடு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் என்று காத்திருக்கிறோம். நடப்பில் வீடுதான் பிள்ளையைப் பார்த்துக் காத்திருக்கிறது.

நான்காவதாக, ‘எல்லாம் போனில் இருக்கிறது, வேண்டும்போது தேடிக்கொள்ளலாம்’ என்கிறார்கள். தேட நேரமில்லாத விஷயங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். கரும்பு வயலில் தம்பியைப் பாம்பு கடித்துவிட்டது என்று வையுங்கள். கயிறு கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது. காலை அசையாமல் வைத்து 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். மந்திரிப்பவரிடம் நிற்கும் அரைமணி நேரம் உயிரின் விலை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக அறிவித்தது. ஆறாம் வகுப்பிலேயே சொல்லவேண்டிய பாடம் இது.

பண மோசடியிலும் முதல் மணி நேரம்தான் முக்கியம். உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்தால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தவறு வங்கியிடமும் இல்லை நம்மிடமும் இல்லை என்றால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்துவிட்டால் நமக்கு நஷ்டமே இல்லை. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. இது தெரிந்த பிள்ளை அழுதுகொண்டு உட்காராது, போனை எடுக்கும். தெரியாத பிள்ளை கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ தேடும். அங்கே முதலில் வந்து நிற்பது பலமுறை இன்னொரு மோசடிக்காரரின் எண்.

இந்தக் கருத்துக்காரர்களிடம் ஒரு வலுவான வாதமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. நிதிக் கல்வி கொடுத்தாலும் பலன் இல்லை என்பது அது. 2014இல் ஆய்வாளர்கள் மூவர் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பணத்தை மக்கள் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாட்டில் வெறும் 0.1 சதவீதத்தைத்தான் நிதிக் கல்வியால் விளக்க முடிந்தது. படித்ததும் நாளாக ஆக மறந்துபோனது. இதைக் காட்டி ‘வேண்டாம்’ என்பவர்கள் அதே ஆய்வின் அடுத்த பகுதியை விட்டுவிடுகிறார்கள். முடிவெடுக்கும் தருணத்தை ஒட்டிச் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் அவர்களே எழுதினார்கள். பிறகு 2022இல் வெளியான இன்னொரு தொகுப்பு, குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்த 76 சோதனைகளை எடுத்துக்கொண்டது. நிதிக் கல்வி அறிவை மட்டுமல்ல, நடத்தையையும் மாற்றுகிறது என்று அது கண்டது. ஆகவே மனப்பாடப் பாடமாக இன்னொரு புத்தகத்தைச் சுமத்தினால் வீண் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கணக்கு தொடங்கும் வாரத்தில் கணக்கைப் பற்றியும், கல்விக்கடன் பாரம் நிரப்பும் வாரத்தில் கடனைப் பற்றியும் பேச வேண்டும். படிக்கும் ஆண்டுகளிலும் வட்டி ஓடுகிறது என்பது கடன் வாங்குகிற பிள்ளைகளில் பலருக்கு வேலை தேடும்போதுதான் தெரியவருகிறது. ‘பாடச்சுமை கூடும்’ என்ற பயத்துக்கும் இதுவே பதில்: ஆண்டுக்குச் சில மணி நேரம் போதும்.

கடைசியாக ஒன்று. இதை யாரும் மேடையில் சொல்வதில்லை, ஆனால் ஆசிரியர் அறைகளில் சொல்கிறார்கள்: ‘சட்டம் தெரிஞ்சா பசங்க எதிர்த்துப் பேசுவாங்க.’ என்னை அதிகம் வருத்துவது இதுதான். கேட்டுப் பெற்ற ஊர் இது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய போராட்டம், எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பு, நாடாளுமன்றம் இயற்றிய 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றின் வழியாகத்தான் 1960 ஏப்ரல் 1 அன்று இது நம்மோடு சேர்ந்தது. உரிமையைச் சொல்லிக் கேட்பதை இந்த ஊரில் துடுக்கு என்று சொல்லக்கூடாது.

எதிர்த்துப் பேசுவது என்று அவர்கள் பயப்படுவது எது? கல்லூரி மாறும் பெண் தன் அசல் சான்றிதழைக் கேட்பாள். 2018 அக்டோபரில் யுஜிசி வெளியிட்ட அறிவிப்பு, அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக்கூடாது என்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் கட்டணம் முழுவதும், கடைசித் தேதி முடிந்து பதினைந்து நாளுக்குள் விலகினால் 80 சதவீதம் திரும்பக் கிடைக்கவேண்டும். முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. இது தெரியாததால் தயங்கித் தயங்கி அந்த முப்பது நாளைத் தவறவிட்ட குடும்பங்கள் எத்தனையோ. சட்டம் தெரிந்த பெண் சத்தம் போடமாட்டாள். தேதி போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்வாள். பதில் வராவிட்டால் சட்ட உதவி எண் 15100க்கு அழைப்பாள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாலுகா நீதிமன்றங்களில் அதற்கென்று வட்ட சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன. பள்ளிகளுக்கு வந்து பேசுவதும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான். தலைமை ஆசிரியர் ஒரு கடிதம் எழுதி அவர்களை அழைக்கவேண்டும். அதே போல வங்கிக் கிளை மேலாளரையும், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரையும் அரைநாள் அழைக்கலாம். வரும் கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே இதைச் செய்துவிட முடியும்.