கோட்டு பெட்டியில் தூங்கலாமா?

விருத்தாசலம், பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். பொம்மை, ஜாடி, விளக்கு என்று பல சாமான்கள் இங்கே சூளையில் வெந்து வெளியூர் போகின்றன.

சூளை அருகே வேலை செய்பவருக்கு உடையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டாம். பருத்திப் பனியன் ஒன்று, தோளில் ஒரு துண்டு. வேர்வையை உறிஞ்சும்; காற்று புகும். போதும்!

ஆனால், அதே வீட்டில் கல்யாணம் வந்தால் கதை மாறிவிடுகிறது.

வைகாசி முகூர்த்தம். மண்டபத்தில் மாலை வரவேற்பு. மேடையில் மாப்பிள்ளை நிற்கிறார். உள்ளே முழுக்கைச் சட்டை. அதன் மேல் கையில்லாத கோட்டு. அதன் மேல் இன்னொரு கோட்டு. கழுத்தில் டை. போதாததற்கு ரோஜா மாலை வேறு! நெற்றியில் வேர்வை ஆறாக ஓடுகிறது. பெண் தன் கைக்குட்டையைக் கொடுக்கிறாள். "கொஞ்சம் சிரிங்க சார்!" என்கிறார் போட்டோக்காரர்.

மறுநாள் கோட்டு உறைக்குள் போகிறது. உறை பெட்டிக்குள் போகிறது. அதோடு சரி! மூன்று வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், பொத்தான் ஒரு பக்கம், காஜா ஒரு பக்கம். நடுவில் வயிறு!

ஆயிரக்கணக்கில் கொட்டித் தைத்த உடை அது. சில வீடுகளில் கடன் வாங்கிய பணம். அது உழைத்ததோ மூன்று மணி நேரம்!

கோட்டே வேண்டாம் என்பதல்ல பேச்சு. வாங்கிய கோட்டை உழைக்க வைக்க வேண்டும் என்பதே பேச்சு.

வேட்டி மேல் கோட்டு

கோட்டும் கால்சட்டையும் ஒரே துணியில் இருந்தால் அது சூட்டு. இரண்டையும் பிரிக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பிரித்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்!

நம் முன்னோர் பிரித்துத்தான் அணிந்தார்கள். பாரதியாரின் படத்தைப் பாருங்கள். மேலே கோட்டு, தலையில் தலைப்பாகை, கீழே வேட்டி. உ.வே.சாமிநாதய்யரும் கோட்டு அணிந்தவர்தான். அவருக்கும் தலைப்பாகை உண்டு. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், 1962 முதல் 1967 வரை ஜனாதிபதியாக இருந்தார். நீண்ட கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, வேட்டி. அந்தக் கோலத்திலேயே உலகத் தலைவர்களைச் சந்தித்தார்.

சர் சி.வி.ராமன் 1930-ல் ஸ்டாக்ஹோம் நகரில் நோபல் பரிசு வாங்கினார். மேல்நாட்டு உடைதான் அணிந்திருந்தார். ஆனால் தலையில் தலைப்பாகை! 2019-ல் அதே பரிசை அதே நகரில் வாங்கிய அபிஜித் பானர்ஜி, கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். கீழே சரிகைக் கரை வேட்டி. பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர் மனைவி எஸ்தர் டுப்லோ, பிரெஞ்சு நாட்டுப் பெண்மணி, சேலை கட்டி வந்தார். சபை சிரித்ததா? இல்லை, கை தட்டியது!

"அவர்கள் பெரிய மனிதர்கள். நம்மை உள்ளே விடுவார்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2014-ல் சென்னையில், வேட்டி கட்டி வந்த ஐகோர்ட்டு நீதிபதி ஒருவரையே ஒரு மன்றத்தில் உள்ளே விடவில்லை. நூல் வெளியீட்டு விழாவுக்காக வந்தவர் அவர். ஊர் கொதித்தது. அதே வருஷம் ஆகஸ்டில் தமிழக சட்டசபை ஒரு சட்டம் செய்தது. வேட்டி கட்டியதற்காக ஒருவரைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை. 25,000 ரூபாய் வரை அபராதம். மன்றத்தின் லைசென்சும் போகலாம்.

ஆக, வேட்டிக்குச் சட்டமே காவல் இருக்கிறது.

அம்பேத்கர் அணிந்த கோட்டு

இதைக் கேட்டதும், "அப்படியானால் வேட்டி சட்டையே போதுமே, கோட்டு எதற்கு?" என்பார் சிலர். அவசரப்படக் கூடாது.

தெருவுக்குத் தெரு நிற்கும் அம்பேத்கர் சிலையைப் பாருங்கள். நீல நிறக் கோட்டு, டை, கையில் புத்தகம். பல ஊர்களில் ஒரு சாரார் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, மேல்சட்டை போடக் கூடாது என்று தடுத்து வைத்திருந்த காலம் உண்டு. அந்த மக்களுக்கு அவருடைய கோட்டு வெறும் துணி அல்ல. "நானும் உனக்குச் சமம்" என்ற வார்த்தை!

காந்தியடிகள் 1921-ல் மதுரையில் சட்டையைக் கழற்றினார். அம்பேத்கர் கோட்டைக் கழற்றவில்லை. இரண்டுக்கும் காரணம் உண்டு. ஆகவே, பிள்ளை கோட்டு கேட்டால், "உனக்கு ஏண்டா இந்தத் துரை வேஷம்?" என்று பெரியவர்கள் கேலி செய்வது சரியல்ல. என்ன கோட்டு, எத்தனை நாள் போடுவான் என்று கேட்கலாம்.

மண்ணும் பூச்சும்

பீங்கான் தொழிலாளிக்குத் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. மண் பாண்டமும் அதன் மேலுள்ள பளபளப்பான பூச்சும் சூளையில் சேர்ந்து சூடாகும். பிறகு சேர்ந்து ஆறிச் சுருங்கும். பாண்டத்தை விடப் பூச்சு அதிகம் சுருங்கினால், தலைமுடி போல விரிசல் விழும். பூச்சின் மேல் குற்றம் இல்லை. மண்ணின் மேலும் குற்றம் இல்லை. ஜோடிதான் சரியில்லை!

உடையும் அப்படித்தான். மினுமினுக்கும் கறுப்புக் கோட்டை எடுத்து, சாதாரணப் பருத்திச் சட்டை மேல் போட்டால் விரிசல் தெரியும். கோட்டு ஒரு பக்கம் கத்தும். சட்டை ஒரு பக்கம் முழிக்கும். மினுக்கம் இல்லாத பருத்தியோ, லினனோ எடுத்துக் கருநீலத்தில் தைத்தால், அது வேட்டியோடும் சேரும். சாம்பல் நிறக் கால்சட்டையோடும் சேரும். ஆகவே, வேலை துணிக்கடையிலேயே தொடங்குகிறது.

அடுத்து தையற்காரர். உள் துணியை முழுக்க வைத்தால் புழுக்கம். தோளுக்கும் கைக்கும் மட்டும் போதும் என்று முன்பே சொல்ல வேண்டும். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். இடுப்பைப் பிறகு பிடிக்கலாம், விடலாம். தோள் தவறினால் திருத்துவது கடினம். சட்டைக் கை, கோட்டுக் கைக்கு வெளியே அரை அங்குலம் எட்டிப் பார்க்கலாம். பக்கத் தையலில் ஓர் அங்குலம் துணி உள்ளே மடித்து விடச் சொல்ல வேண்டும். (வயிறு வளர்கிறதே!)

வேட்டிக்கு, கழுத்து மூடிய கோட்டு கொஞ்சம் நீளமாக இருந்தால் அழகு. டை தேவை இல்லை. கழுத்து திறந்த கோட்டென்றால், உள்ளே முழுக்கைச் சட்டை. மேல் பொத்தான் திறந்திருக்கலாம். இளைஞர்கள் காலர் இல்லாத பின்னல் சட்டை மேல் கோட்டு போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் சட்டையில் புலிப் படமும் சினிமா வசனமும் இருக்கக் கூடாது! மார்கழியில் வடக்கே ரெயில் ஏறுகிறவர், கோட்டுக்குள் கையில்லாத கம்பளிச் சட்டை போட்டால் இன்னொரு மேல்கோட்டு வாங்கும் செலவு மிச்சம்.

கடையில் வாங்கிய கோட்டானால், கைப்பக்கம் தைத்திருக்கும் கம்பெனிப் பட்டையைப் பிரித்துவிட வேண்டும். பின்பக்க வெட்டில் பெருக்கல் குறி போல ஒரு தையல் இருக்கும். அதையும் பிரிக்க வேண்டும். இரண்டும் கடைவரைக்கும்தான். பட்டையோடு மேடை ஏறிய மாப்பிள்ளைகள் எத்தனை பேர்!

வாசலில் கழற்ற வேண்டுமே!

காலணியில்தான் பலர் சறுக்குகிறார்கள். லண்டன்காரர் பூட்ஸ் மாட்டினால் இரவில்தான் கழற்றுவார். நம்மவர் அப்படியா? கோவில் வாசலில் கழற்ற வேண்டும். பெரியவர் வீட்டு வாசலில் கழற்ற வேண்டும். பந்திக்குப் போகும்போதும் சிலர் கழற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் குனிந்து கயிறு அவிழ்த்தால், கோட்டு கசங்கும், முதுகும் வலிக்கும். பிறகு காலுறையில் உள்ள ஓட்டை வெளியே வரும்!

கயிறு இல்லாத தோல் பூட்ஸ் நம் ஊருக்கு ஏற்றது. வேட்டி மேல் கோட்டு என்றால் நல்ல தோல் செருப்பே போதும். ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம். இடுப்புப் பட்டையும் பூட்ஸும் ஒரே நிறமாக இருக்கட்டும். அழுக்கில்லாத வெள்ளைக் கான்வாஸ் பூட்ஸ், நண்பன் கல்யாணத்துக்குச் சரி. உத்தியோகப் பேட்டிக்குச் சரியல்ல.

கோட்டுப் பையில் செல்போன், சாவிக் கொத்து, சில்லறை எல்லாம் போட்டால் ஒரு பக்கம் தொங்கும். மேல் பையில் ஒரு கைக்குட்டை. மணிக்கட்டில் ஒரு கடிகாரம். அதற்கு மேல் வேண்டாம்.

பேட்டிக்குப் போகும் பிள்ளை

சூளைத் தொழிலாளியின் மகன் படித்து முடித்துச் சென்னைக்குப் பேட்டிக்குப் போகிறான். அண்ணனின் கல்யாணக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். அதுதான் அவன் முதன்முதலாகக் கோட்டு போடும் நாள்! தோள் பெரிது, கை நீளம், பாச்சை உருண்டை வாசனை. கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும், கை கழுத்துப் பட்டியையே தடவுகிறது. பிள்ளையிடம் அறிவு இருக்கிறது. பழக்கம்தான் இல்லை.

அந்தக் கோட்டு ஆறு மாதத்துக்கு முன்பே வெளியே வந்திருக்க வேண்டும். தையற்காரரிடம் கொடுத்து உடம்புக்கு ஏற்றபடி பிடித்திருக்க வேண்டும். சித்தப்பா வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு வேட்டி மேல் ஒரு நாள். கல்லூரி ஆண்டு விழாவுக்குச் சாதாரணச் சட்டை மேல் ஒரு நாள். மழை நாளில் கடைத்தெருவுக்கு ஒரு நாள் போட்டாலும் கோட்டு குறைந்துபோகாது. கழற்றியதும் அகலத் தாங்கியில் மாட்டி ஒரு ராத்திரி நிழலில் காற்றாட விட்டால், வேர்வை உலர்ந்துவிடும்.

பேட்டி நாளில், சட்டை போலவே அதுவும் அவன் உடம்போடு ஒட்டியிருக்கும். கேள்வி கேட்பவர் முகத்தை மட்டும் அவன் பார்க்கலாம்.