ஏட்டுத் தேய்மானமும் வண்டித் தேய்மானமும்

கார்க் கடன் கேட்டு நம் கிளைக்கு வருவோரிடம், இப்போதுள்ள வண்டியை ஏன் மாற்ற விரும்புகிறீர்கள் என்று கேட்பது நம் வழக்கம். விண்ணப்பப் படிவத்தில் அப்படியொரு கேள்வி இல்லை, இருப்பினும் கேட்கிறோம். குடும்பம் பெரிதாகிவிட்டது என்பார் சிலர். பத்தாண்டுக்கு மேலாக ஒரே வண்டியை ஓட்டி வருவோர் பெரும்பாலும் சொல்லும் விடை வேறு: "முன்பக்கம் தடதடன்னு சத்தம் வருது சார், இனிமே இது தாங்காது." பெங்களூரின் வேகத்தடைகளையும் மழைக்குப்பின் தோன்றும் சாலைக் குழிகளையும் அறிந்தவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதன்று. ஆனால் அது வண்டியின் ஆயுள் முடிந்ததற்கான அறிவிப்பு என்று கொள்வது தவறு என்பதே நம் கருத்து. தேய்ந்துபோன சில ரப்பர் புஷ்களும் பால் ஜாயின்டுகளுமே பல வேளைகளில் அதற்குக் காரணம். கைப்பழக்கமும் பொறுமையும் உள்ளவர் அவற்றை வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

கடன் கொடுத்து வட்டி ஈட்டும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இப்படி எழுதலாமா என்று வாசகர் வியக்கக்கூடும். தேவையின்றிக் கடன் வாங்கியவர் மூன்றாம் ஆண்டில் தவணைக்குத் திணறுவதைக் கண்டவர்கள் நாம். அந்த அனுபவமே இவ்வாறு எழுதத் தூண்டுகிறது.

வணிகவியல் மாணவர்க்குத் 'தேய்மானம்' என்ற சொல் முதலாண்டிலேயே அறிமுகமாகிவிடும். வருமான வரிக் கணக்கில், வாடகைக்கு விடப்படாத காருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, குறைந்து செல் மதிப்பு முறையில் கழிக்கிறோம். 3 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார் பதினைந்து ஆண்டு முடிவில் ஏட்டில் சுமார் 26,200 ரூபாயாகச் சுருங்கிவிடும். இக்கணக்கு முழு வண்டியும் ஒரே சீராகத் தேய்வதாகக் கற்பனை செய்துகொள்கிறது. உண்மையில் வண்டி அப்படித் தேய்வதில்லை. ஒழுங்காக எண்ணெய் மாற்றிய எஞ்சின் பதினைந்தாம் ஆண்டிலும் நன்றாக ஓடும். அதே வண்டியில் கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு புஷ் எட்டாம் ஆண்டிலேயே பிளந்திருக்கும். ஏட்டு மதிப்பைப் பார்த்து வண்டியைக் கைவிடுவோர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பைக் கொண்டது. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த இம்முறை, 1950 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் வந்தது. 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 வழியாக நம் நாட்டுக் குடும்பங்களுக்கு இது பழக்கமாயிற்று. மேலே சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண். கீழே லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் ரப்பர் புஷ், மறு முனையில் பால் ஜாயின்ட். அம்பாசடர் காலத்தில் மூட்டுகளுக்கு அவ்வப்போது கிரீஸ் அடித்தாக வேண்டும். இப்போதைய பால் ஜாயின்ட் பொதுவாக மூடி முத்திரையிடப்பட்டே வருகிறது. அதைக் காப்பது ஒரு சிறு ரப்பர் உறை. உறை கிழிந்தால் மழைநீரும் மணலும் உட்புகும். பிறகு தேய்வு விரைந்துவிடும். மூட்டு முற்றிலும் கழன்றால் சக்கரம் வெளிப்புறமாக மடங்கி வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். ஆகவே அச்சத்தத்தைப் பழகிக்கொண்டு ஓட்டுவோரை, அவசரப்பட்டு வண்டியை விற்போரைவிடவும் கடுமையாகக் கண்டிக்க வேண்டியுள்ளது.

நம் வீட்டு ஆல்டோவுக்கும் இந்நிலை வந்தது. பணிமனை ஒன்று ஸ்ட்ரட் இரண்டையும் சேர்த்து மாற்றுமாறு மதிப்பீடு தந்தது. நம் மைத்துனர் இயந்திரவியல் பட்டயம் பெற்றவர். "அத்தான், முதல்ல பார்த்துட்டு அப்புறம் செலவு பண்ணலாம்" என்றார். அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் பழுதுபார்க்க அனுமதி இல்லாததால், ஜெயநகரில் அவர் வீட்டு முற்றத்துக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். 'டக்' என்ற அசைவு. மைத்துனர் ஆட்ட, நாம் டார்ச் விளக்குடன் குனிந்து பார்த்தபோது அசைந்தது பால் ஜாயின்டுதான், சக்கர பேரிங் அன்று என்பது தெளிவாயிற்று. இடமும் வலமும் பிடித்து ஆட்டியபோது அசைவில்லை. ஆகவே டை ராடு முனை நலம். ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவும் இல்லை. செலவு அங்கேயே பாதியாகக் குறைந்தது.

உதிரிபாகத்துக்கு ஜே.சி. ரோடு. மைசூரின் கடைசி மன்னர் ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கிய அச்சாலையில், ரவீந்திர கலாக்ஷேத்ராவைத் தாண்டி நடந்தால் கடைக்குக் கடை உதிரிபாகங்கள்தாம். "புஷ் மட்டும் பிரஸ்ல ஏத்தித் தரட்டுமா சார், இல்ல ஆர்ம் முழுசா வேணுமா?" என்று கடைக்காரர் தமிழிலேயே கேட்டார். பால் ஜாயின்டும் புஷ்ஷும் பொருத்திய முழு ஆர்ம் இரண்டை, இருபக்கத்துக்குமாக வாங்கினோம். பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்ற பேச்சும் எழுந்தது. பில் இல்லாத பொருளைத் திருப்பித் தர முடியாது. போலிச் சரக்கு என்று தெரிந்தாலும் முறையிட வழியில்லை. வங்கியில் இருந்துகொண்டு இதை மறந்தால் எப்படி?

எதில் சிக்கனம் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜாக்கியின்மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கடியில் தலையை நுழைக்கலாகாது. செங்கல்லும் சிமென்ட் கட்டியும் எச்சரிக்கையின்றி நொறுங்கக்கூடியவை. சமதளம், கைபிரேக், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, இரும்பு ஜாக்கி ஸ்டாண்டு ஆகியவை இல்லையென்றால் வேலையைத் தொடங்கவே வேண்டா. சக்கர நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்வது நல்லது. சுருள்வில் அழுத்தத்துடன் உள்ளது. ஸ்ட்ரட்டின் உச்சியிலுள்ள நடு நட்டை வீட்டில் கழற்றுவோர் உயிரோடு விளையாடுகிறார்கள். வில்லைப் பிரிக்க வேண்டிய வேலை எதுவாயினும் தக்க கருவியுள்ள பணிமனைக்கே உரியது.

நாம் செய்த பிழை ஒன்றையும் மறைக்கவில்லை. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுதும் இறுக்கிவிட்டோம். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் அமர்ந்ததும் ரப்பர் முறுக்கியபடியே நிற்கும். புதிய புஷ்ஷும் விரைவில் கிழியும். கையேட்டைப் புரட்டிய மைத்துனர் அதைச் சுட்டிக்காட்டவே, மீண்டும் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் நின்றபின் டார்க் ரெஞ்சால் கையேட்டில் குறித்த அளவுக்கு இறுக்கினோம். பழைய ஸ்பிலிட் பின்னையும் திரும்பப் போடவில்லை. காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை முடிய மாலை நான்காயிற்று. தேர்ந்த மெக்கானிக் இரண்டு மணி நேரத்தில் முடித்திருப்பார். அவருடைய கூலி அவருக்குத் தகும் என்பதை அன்று உணர்ந்தோம். மறுநாள் வீல் அலைன்மென்டுக்கு வண்டியை விட்டோம். அதை வீட்டில் செய்யும் வழி நமக்கில்லை. அது செய்யாவிட்டால் டயர் ஒருபுறமாகத் தேயும்.

பாகங்களுக்கும் அலைன்மென்டுக்கும் 7,200 ரூபாய், இனியும் பயன்படும் கருவிகளுக்கு 4,500 ரூபாய் ஆயிற்று. 5 இலட்சம் ரூபாயை 9 விழுக்காட்டு வட்டியில் 5 ஆண்டுக்குக் கடன் பெற்றால் மாதத் தவணை சுமார் 10,380 ரூபாய். வட்டி மட்டும் மொத்தம் 1,22,700 ரூபாய்க்கு மேல். நம் செலவு ஒரு தவணையைவிடச் சற்றே மிகுதி.

காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று நினைப்போரும் உண்டு. பயன்பாட்டால் வரும் தேய்வை மோட்டார் பாலிசி ஏற்பதில்லை. விபத்து இழப்பீட்டிலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 விழுக்காடு கழிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பு இருதரப்பும் பேசி முடிவு செய்வது. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறையட்டும் என்று அதை மிகத் தாழ்த்திக்கொள்ள வேண்டா: பழுதுச் செலவு அம்மதிப்பின் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்பட்டு, அந்தத் தாழ்ந்த தொகையே கைக்கு வரும்.

உடல் தகடு துருப்பிடித்த வண்டிக்கோ, பிரேக்கும் எஞ்சினும் ஒருசேரக் கைவிட்ட வண்டிக்கோ இவ்வளவும் பொருந்தாது. அத்தகையோர் கிளைக்கு வரட்டும்; கடன் தரக் காத்திருக்கிறோம். மற்றவர்கள் பதிவுச் சான்றை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25 இல் விண்ணப்பிக்க வேண்டும். முன்பக்க வேலை பாக்கியிருந்தால், சோதனைக்குச் செல்லும் முன்பே முடித்துக்கொள்வது வசதி.