விதை கொடுத்தோம், நிலம் யாருடையது என்று கேட்டோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். இதில் 'நாங்கள்' என்று வருவது இந்தப் பகுதிப் பாடசாலைகளில் படிப்பிக்கிற சில முஸ்லிம் ஆசிரியர்கள். டவுன் கடைத்தெருவில் வளர்ந்து, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் எடுப்பவர்கள்.

சித்திரை மழை தொடங்கிவிட்டது. ஹட்டன் கடைகளில் விதைப் பக்கட்டுகள் தொங்குகின்றன. போஞ்சி, ராபு, சலாது, கோவா, பீட்ரூட். வட்ஸ்அப் குழுமங்களில் எல்லாம் ஒரே பேச்சு: இந்தப் போகம் என்ன நடப் போகிறீர்கள்? மேல்மாடியில் பூச்சட்டி வைத்தவர் மின்சியையும் கொத்தமல்லியையும் படம் பிடித்துப் போடுகிறார். வீட்டுக்குப் பின்னால் நாலு பேர்ச்சஸ் உள்ளவர் லீக்ஸ் பாத்தியையும் டாலியாப் பூவையும் காட்டுகிறார். பார்க்கச் சந்தோஷம்தான். மரக்கறி விற்கிற விலையில் ஒரு பிடி கீரை வீட்டில் முளைத்தாலும் பரக்கத்துதான்.

ஆனால் அதே குழுமங்களில் இன்னொரு பேச்சும் வருகிறது. "தோட்டத்து ஆட்கள் மண்ணுக்கு நடுவில் இருக்கிறார்கள். ஒரு கட்டுக் கீரைக்கும் டவுனுக்கு வருகிறார்கள். சோம்பேறிகள்." இதை எழுதியவர்கள் நம்மவர்கள். அதற்குக் கைதட்டல் போட்டவர்களும் நம்மவர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் பாடசாலையில் வீட்டுத்தோட்டப் போட்டி வைத்தோம். விதைப் பக்கட்டு கொடுத்தோம், பெனர் கட்டினோம், படம் எடுத்தோம். ஏழாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு முதலிடம். லயத்துக்குக் கீழே, கானுக்கும் தேயிலைக்கும் இடையில் ஒரு சின்னத் துண்டு. அம்மாவும் அவனும் கல் பொறுக்கி, அடுப்புச் சாம்பல் போட்டு, போஞ்சிக்குக் கம்பு நட்டு, ஓரத்தில் டாலியா வைத்திருந்தார்கள். அவ்வளவு அழகு. சான்றிதழில் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான்.

இரண்டு மாதம் ஆகவில்லை. அந்தத் துண்டில் தேயிலைக் கன்று வைக்கப் போகிறோம், மூன்று நாளில் துப்புரவாக்கு என்று தோட்டத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். போஞ்சி அப்போது பூவும் பிஞ்சுமாக நின்றது. அந்தத் தாய் ஒரு நாள் பேரை விட்டுவிட்டுப் பாடசாலைக்கு வந்தார். "சேர், ஸ்கூல்லயிருந்து ஒரு லெட்டர் எழுதித் தர முடியுங்களா? காய் பறிக்கிற வரைக்கும் விடச் சொல்லி?" என்று கேட்டார்.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "அது நிர்வாக விஷயம், நாங்கள் தலையிட ஏலாது அம்மா."

சான்றிதழில் போட ஓடிய பேனை, அந்தக் கடிதத்தில் ஓடவில்லை. அந்தத் தாயைத்தான் இன்று 'சோம்பேறி' என்று எழுதுகிறோம்.

மண்ணுக்கு நடுவில் இருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த மண் யாருடையது என்பதுதான் கேள்வி. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதற்கு முன்பே கோப்பிக்காகக் கொண்டுவரப்பட்ட மக்கள் லயத்தில் இருந்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, இவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளுக்குப் போனது. துரை மாறினார், பெயர்ப்பலகை மாறியது. லயத்துக் குடும்பத்தின் பெயர் மட்டும் எந்த உறுதியிலும் ஏறவில்லை. பிறந்த அறையும், அதன் முன்னால் உள்ள முற்றமும், கொத்தமல்லி போட்ட நாலடி நிலமும் இன்னொருவருடையவை. கொத்து என்றால் கொத்தலாம், எடு என்றால் எடுக்க வேண்டும்.

இந்த நிலையில் ஒரு மனிதர் என்ன நடுவார்? நாற்பது, ஐம்பது நாளில் கைக்கு வருகிற ராபு நடுவார். கீரை நடுவார். மரத்தக்காளி நடுவாரா? அது காய்க்க ஒன்றரை, இரண்டு வருடம் வேண்டும். பட்டர்ஃப்ரூட் கொட்டை போடுவாரா? அதற்கு ஐந்து, ஆறு வருடம். நாளைக்கு இருப்போமா என்று தெரியாத மண்ணில் யாரும் மரம் வைப்பதில்லை. நமக்கு வைத்துப் பாருங்கள். வாடகைக் கடைக்கு நாம் மாபிள் பதிக்கிறோமா?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் நாடே வரிசையில் நின்றது. 2022 ஜூனில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமையில் லீவு கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. சம்பளத்தோடு லீவு, சொந்தக் காணி, கையில் மண்வெட்டி. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த வெள்ளியும் இல்லை, காணியும் இல்லை. காலையில் மலை ஏறி, கிலோக் கணக்குப் பார்த்து, பொழுது சாய லயத்துக்கு வந்து சோறாக்குகிறவரிடம் "ஏன் தோட்டம் செய்யவில்லை" என்று கேட்கிற வாய் நமக்கு எப்படி வந்தது?

இது கீரைக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2016ஆம் ஆண்டு அரசின் சனத்தொகை, சுகாதார அளவாய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் 17 வீதம். தோட்டப் பகுதியில் 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து எங்கள் வகுப்பில் முன் வாங்கில் இருக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளைக்கு முகத்தில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் நாங்கள். பாணும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ஒரு பிடி வல்லாரையும் ஒரு முட்டையும் என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும்.

சரி, 7 பேர்ச்சஸ் கொடுக்கிறார்களே என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு பேர்ச் 272 சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியில் கட்டுகிற வீடு 550 சதுர அடி. பாதை, மலசலகூடக் குழி, சரிவு எல்லாம் போக மிஞ்சுவதில் நல்ல தோட்டம் ஒன்று செய்யலாம். ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். அதாவது ஒரு ஏக்கரில் 22 குடும்பங்கள். நம் கண்ணுக்கு முன்னால் எத்தனை ஏக்கர் தேயிலை காடாகிக் கிடக்கிறது என்று அட்டனிலிருந்து நுவரெலியா வரை பஸ் யன்னலால் பார்த்தாலே தெரியும். பெருந்தோட்டப் பகுதிக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கு 2018இல் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் இன்னும் லயத்தில் இருக்கின்றன.

கம்பனிகள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: காணி எங்களுடையது அல்ல, அரசிடம் குத்தகைக்கு எடுத்தது, பிரித்துக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. சரி. அப்படியானால் உரிமையாளர் அரசு. வாக்குக் கேட்டு வருகிறவர்கள் அந்த அரசின் ஆட்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டதே?

இன்னொரு பதில்: சரிவில் மரக்கறி போட்டால் மண் கழுவிப் போகும், மண்சரிவு வரும். இதில் நியாயம் இருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் செய்ததை நாம் கண்ணால் பார்த்தோம். எந்த இடம் பாதுகாப்பு என்று அதிகாரிகள் அளந்து சொல்லத்தான் வேண்டும். ஆனால் மண்ணைக் காக்கத் தெரியாதவர்கள் என்று இந்த மக்களைச் சொல்லாதீர்கள். இந்த மலைகளில் கான் வெட்டியவர்கள், கல்லணை கட்டியவர்கள் அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள். ஆபத்தான லயங்களை அந்த இடத்தில் கட்டியவர்களும் அவர்கள் அல்லர். ஆபத்து என்றால் பாதுகாப்பான காணி கொடுங்கள். ஆபத்தைக் காட்டியே காணியை மறுக்காதீர்கள்.

முஸ்லிம் உறவுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் விட்டுவந்தது வீடு மட்டுமா? கிணற்றடி வாழை, முற்றத்து முருங்கை, வாப்பா நட்ட மாமரம். இன்றும் அந்த மரங்களைச் சொல்லி அழுகிற மூத்தம்மாமார் இருக்கிறார்கள். காணி இல்லாதவர் வேதனை நமக்குத் தெரியாதது அல்ல. மரம் நட்டவருக்கு, அதில் பறவை தின்றாலும் ஸதகா என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். நட இடமில்லாதவருக்கு இடம் கிடைக்க வாய் திறப்பது அதில் சேராதா? நம் கடைகளின் கல்லாப்பெட்டியில் விழுகிற காசில் எவ்வளவு அந்தச் சம்பள நாளில் வருகிறது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை, கடன் கொப்பியே சொல்லும்.

அப்படியானால் இந்தப் போகம் என்ன செய்வது? நடத்தான் வேண்டும். காணி வரும் வரை பிள்ளை பசியோடு இருக்க முடியாது.

பசளைச் சாக்கிலும் அரிசிச் சாக்கிலும் மண் நிரப்புங்கள். எடு என்றால் தூக்கிக்கொண்டு போகலாம். தேயிலை மண் புளிப்பு மண். மரக்கறிக்கு அந்தப் புளிப்பு ஆகாது. அடுப்புச் சாம்பலையோ டொலமைட்டையோ கொஞ்சம் கலந்து, மக்கிய சாணம் சேர்த்துப் போடுங்கள். ராபு, சலாது, கீரை, போஞ்சி, வெங்காயத்தாள் எல்லாம் சாக்கில் வரும். வல்லாரையும் மின்சியும் கான் ஓரத்து ஈரத்தில் தானாகப் படரும். தேயிலைக்கு மருந்து அடிக்கிற நாளில் சாக்கைப் படங்கால் மூடிவிடுங்கள். பூவும் வையுங்கள். லயத்து வாசலில் ஒரு டாலியா பூத்தால் அந்த வீட்டுப் பிள்ளையின் முகமே வேறு.

ஆனால் சாக்குத் தோட்டத்தைப் படம் பிடித்துப் போட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று யாரும் சொல்ல வரவேண்டாம். சாக்கில் போஞ்சி வரும், பட்டர்ஃப்ரூட் வராது.

நாங்கள் மூன்று விஷயம் முடிவெடுத்திருக்கிறோம்.

ஒன்று: இனி எங்கள் கையால் விதைப் பக்கட்டு கொடுக்கும் முன், பிள்ளை நடப்போகும் துண்டை அறுவடை வரை தொடமாட்டோம் என்று தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம். தராவிட்டால், தரவில்லை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்வோம்.

இரண்டு: பாடசாலை வளவில் சும்மா கிடக்கிற இடத்தை வகுப்புக்கு வகுப்பு பிரித்துக் கொடுப்போம். விளைவது பிள்ளைகளின் பகல் சாப்பாட்டுக்கு. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் மூன்றின் நிர்வாகத்தையும் கேட்கிறோம்: உங்கள் வளவிலும் இரண்டு பாத்தி ஒதுக்க ஏலுமா?

மூன்று: வாக்குக் கேட்டு வருகிற யாராக இருந்தாலும் ஒரே கேள்வி. இந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பத்துக்கு, எந்த மாதம், உறுதியோடு காணி? மேடையில் அல்ல, தாளில் பதில் வேண்டும்.

அந்த மாணவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவனுடைய துண்டில் தேயிலைக் கன்று நிற்கிறது. அந்தத் தாயை வழியில் கண்டால் இன்றும் "நல்லா இருக்கீங்களா சேர்" என்று கேட்கிறார். நாங்கள் எழுதாத கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தக் கடிதத்தை இப்போதுதான் எழுதுகிறோம். இதுதான் அது.

கருத்து வேறுபாடு இருந்தால் தாராளமாக எழுதுங்கள், மரியாதையாக. சரி என்று பட்டால் உங்கள் குழுமத்தில் போடுங்கள். குறிப்பாக, 'சோம்பேறி' என்று எழுதப்பட்ட அந்தக் குழுமத்தில்.

வஸ்ஸலாம்.