மங்கும் விளக்குக்குப் பெரிய பல்பு தீர்வல்ல

சம்பா அறுவடையின்போது பனி இரவிலும் டிராக்டர்கள் ஓடுகின்றன. முகப்பு விளக்கு மங்கினால் 100 வாட் பல்பு மாட்டுவது பலரின் வழக்கம். இது சரியல்ல.

குறை பெரும்பாலும் ஒயரில்தான். மெல்லிய ஒயரில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். கோடியக்கரை, வேதாரண்யம் பகுதியின் உப்புக்காற்றில் எர்த் இணைப்பு துருப்பிடித்தால் இழப்பு இன்னும் கூடும். பெரிய பல்போ ஒயரைச் சூடாக்கும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

முதலில் எர்த் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். பிறகு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலேயுடன் தடித்த ஒயர் இழுங்கள். விளக்கின் ஒளி சாலையில் விழுமாறு திருப்புங்கள்.

காட்டையொட்டிய சாலையில் மானோ மனிதரோ குறுக்கே வந்தால், பிரேக் பிடிக்க நேரம் தருவது இந்த வெளிச்சம்தான்.