செத்த காலேஜும் உயிருள்ள மக்களும்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னைப் பட்டணத்து உழைப்பாளி மக்கள் ஒரு பெயர் வைத்தார்கள் — ‘செத்த காலேஜ்’! விலங்குக் காட்சிச்சாலைக்கு ‘உயிர்க் காலேஜ்’! கேட்டுச் சிரித்தனர் மேட்டுக்குடியினர். பாமரன் பேச்சு, படிக்காதவன் உளறல் என்றனர்.

சிரித்தவர்கள் வரலாறு படிக்கவில்லை. 1851ஆம் ஆண்டில் அந்த அருங்காட்சியகம் பிறந்ததே நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித சார்ச் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்திலேதான். 1854இல்தான் அது எழும்பூர்ப் பாந்தியன் மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரியில் பிறந்ததைக் கல்லூரி என்றான் பாமரன். இதில் பிழை எங்கே? எழுத்து மறுக்கப்பட்டவன், கண்ணால் கண்டே படிக்கக்கூடிய இடத்தைக் கல்லூரி என்றழைத்தான். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தக் கல்லூரியில் அவனுக்கு இடம் உண்டா என்பதன்றோ கேட்கப்பட வேண்டிய கேள்வி!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி — சென்னையின் மேற்கு வாயில்கள் இவை. பட்டறைகளும் பாசறைகளும் நிறைந்த பகுதி. எழும்பூருக்கும் இவற்றுக்கும் இடையே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவு. மின்தொடர் வண்டி ஓடுகிறது. பெரியார் பெயர் தாங்கிய நெடுஞ்சாலை பூந்தமல்லியைப் பட்டணத்தோடு இணைக்கிறது. பாதை இருக்கிறது, பயணம் இல்லை. சனி, ஞாயிறு இரு நாளும் ஓய்வுடையோர் காலையில் சிற்பம் காண்பர், மாலையில் நாடகம் காண்பர், இடையில் சிற்றுண்டியும் அருந்துவர். தொழிலாளிக்கோ கிடைப்பது ஒரு நாள். அதிலும் பாதி மிகுநேர வேலைக்கு, மீதி துணி துவைக்கவும் அரிசி வாங்கவும். இதனால் அவன் இழப்பது என்ன?

ஆவடி வழியே அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவாலங்காடு என்றொரு நிலையம் உண்டு. அந்த ஊரிலிருந்து வந்த சோழர்காலச் செப்புத் திருமேனி, ஆடவல்லான், எழும்பூரில் நிற்கிறது. பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரொதேன், அதன் நிழற்படங்களை மட்டுமே கண்டு, கண்ட வியப்பில் கட்டுரை தீட்டினார். கடலுக்கு அப்பால் இருந்தவன் படத்தைக் கண்டு உருகினான். அதே இருப்புப்பாதையில் நாள்தோறும் வேலைக்குச் செல்பவன் பொருளையே கண்டதில்லை! இந்த அநியாயத்துக்கு என்ன பெயர்?

அந்தத் திருமேனி பிறந்தது எவ்வாறு? மெழுகில் உருவம் சமைத்து, அதன்மேல் களிமண் பூசி, நெருப்பிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்து எடுத்தனர். அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. இதன் அருமையை முற்றும் அறியத்தக்கவன் யார்? பட்டுச்சட்டையணிந்து ‘ஆகா’ என்பவனா? அன்று! அம்பத்தூர் வார்ப்படச் சாலையில் உலோகக் குழம்பின் முன்னே வியர்வை சிந்தி நிற்கின்றானே, அவன்! காற்றுக்குமிழி ஒன்று புகுந்தால் வார்ப்பு பாழ் என்பதை உடம்பால் உணர்ந்தவன் அவன். அந்தச் சிலை அவன் தொழிலின் முன்னோடி. அதை அவனுக்குக் காட்டாமல் வைத்திருப்பது, பாட்டனின் கையெழுத்தைப் பேரனிடமிருந்து மறைப்பதாகும்.

இன்னும் பழையதும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புருசு பூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்துக் கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையவை என 2011இல் ஆய்வாளர் வெளியிட்டனர். பூட் திரட்டிய தொகுப்பை எழும்பூர் அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. கருவி செய்தவன் கையிலிருந்துதான் மனிதன் கதை தொடங்குகிறது என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. அந்தக் கற்கள் சொல்கின்றன. அதைக் கேட்கும் உரிமை, அம்பத்தூரில் கருவி செய்பவனுக்கு இல்லையா?

‘தெய்வத்தைக் காட்சிப்பொருளாக்கலாமா?’ என்று கண்ணீர் வடிப்போரும் உளர். அவர்களைக் கேட்கிறோம்: ஆலயத்தில் இருந்தபோது அந்த உருவத்தின் அருகே யாரை விட்டீர்கள்? மதுரைக் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாகாணம் முழுதுக்கும் சட்டம் வர 1947 ஆயிற்று. அருங்காட்சியகத்திலோ நுழைவுச்சீட்டு ஒன்றே தகுதி. குலம் கேட்பார் இல்லை. வார்த்தவனின் வழித்தோன்றல், வார்ப்பின் அருகே நிமிர்ந்து நிற்க முடிந்த இடம் அது!

நாடகத்துக்கு வருவோம். பாந்தியன் மாளிகை முன்னாளில் கும்பினி வெள்ளையர் ஆடிப்பாடிய கூடம். 1896இல் அவ்வளாகத்திலேயே அரைவட்ட வடிவில் நாடக அரங்கும் எழுந்தது. தமிழ் நாடகமோ கொட்டகையிலும் பந்தலிலும் வளர்ந்தது. சங்கரதாசு சுவாமிகள் ஏழைச் சிறுவர்களைக் கொண்டு வளர்த்தார், அண்ணா எழுதினார், நடித்தார், எம்.ஆர். இராதா இடித்துரைத்தார். ஆண்டவர்கள் அஞ்சினர் — 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் பிரிவுகளைச் செல்லாதவை என்றது. விலங்கு உடைந்தது, ஆயினும் விளைவு என்ன? நாடகம் பட்டணத்து நடுவிலே ஒடுங்கிக் கிடக்கிறது. சட்டம் செய்ய முயன்றதைத் தொலைவும் கட்டணமும் சத்தமின்றிச் செய்து முடிக்கின்றன!

‘முதலில் வயிறு, பிறகுதானே கலை?’ என்பர் சிலர். பசித்தவன் சொன்னால் தலைவணங்கிக் கேட்போம். சொல்பவரோ விருந்துண்டு எழுந்தவர்! வார ஓய்வே யாரும் இரங்கி ஈந்ததன்று. சோதிராவ் புலேவின் தோழர் நாராயண் மேகாஜி லோகண்டே, பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காகப் போராடி 1890இல் பெற்றுத் தந்தது. கூலிக்காக மட்டுமன்று, மனிதராய் இருக்கும் நேரத்துக்காகவும் நடந்த போர் அது.

1793இல் பிரெஞ்சு மக்கள், முடியாட்சி வீழ்ந்த முதலாண்டு நிறைவு நாளில், அரசன் மாளிகையாம் லூவரை மக்கள் காட்சிச்சாலையாகத் திறந்தனர். 1857இல் இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம், வேலை முடித்து வருவோர் காண வேண்டுமென்று எரிவாயு விளக்கேற்றி இரவிலும் திறந்தது. எரிவாயு விளக்கில் முடிந்தது, மின்விளக்கில் முடியாதா? எழும்பூரிலோ மாலை 5 மணிக்குக் கதவடைப்பு! ஆலைச் சங்கு ஊதி, இவன் கை கழுவும் வேளையில் அங்கே பூட்டுப் போடுகிறார்கள்.

நாம் கேட்பது வானத்து மீனையன்று. வாரம் இரு நாளேனும் இரவு 9 மணிவரை திறந்து வையுங்கள். எந்தப் பொருள் எப்படிச் செய்யப்பட்டது, செய்தவன் யார் என்பதை எளிய தமிழில் எழுதி வையுங்கள். ஞாயிறு மாலைகளில் அவ்வளாக அரங்கில் குறைந்த கட்டணத்தில் தமிழ் நாடகம் நடத்துங்கள். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பொதுவாக ஒரு கலையரங்கு எழுப்புங்கள். ‘சமதரும பாணிச் சமுதாயம்’ என்று 1955இல் காங்கிரசு தீர்மானம் போட்ட மண் ஆவடி! சமதருமம் சோற்றுக்கு மட்டுந்தானா? சுவைக்கும் அறிவுக்கும் வேண்டாமா?

தொழிற்சங்கத் தோழர்களே! ஊக்க ஊதியப் பட்டியலோடு இந்தக் கோரிக்கையையும் எழுதுங்கள். ஆசிரியத் தோழர்களே! பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரு மணி நேரத்தில் ஓட்டிக்கொண்டு வருவதைச் சுற்றுலா என்று சொல்லாதீர்கள். ஒரே ஒரு சிலைமுன் அரைமணி நேரம் நிறுத்துங்கள், போதும்.

அரசு கதவை அகலத் திறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டா. வரும் ஞாயிறன்று மனைவி மக்களோடு வண்டியேறுங்கள். அரசன் பெயர் பொறித்த கற்களையே தேடாதீர்கள். பெயர் பொறிக்கப்படாத கைகளின் வேலையைத் தேடுங்கள். ‘இதை வார்த்தவன் நம்மவன்’ என்று பிள்ளையின் காதில் சொல்லுங்கள். அன்றைக்கு அது செத்த காலேஜ் அன்று, உயிர்பெற்ற கல்லூரி!