சிக்கனம் அடுக்களைக்கு மட்டும்தானா?

மாதக் கடைசியில் கை கடிக்கிறது என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், முதலில் குறைவது எண்ணெயும் பருப்பும்தான். வாரம் இருமுறை வந்த மீன் ஒருமுறையாகிறது. அடுத்து, பெண்கள் குடிக்கும் பால் குறைகிறது. காய்கறிப் பையைத் தூக்கி வருபவரிடம் ஐந்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்கும் வீட்டில், தவணைக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவரிடம் ஒரு கேள்வியும் எழுவதில்லை. இது அநியாயம் மட்டுமல்ல, கணக்காகவும் தப்பு.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2022-23ஆம் ஆண்டுக் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நகரக் குடும்பங்களில் உணவுக்குப் போவது மொத்தச் செலவில் 39 சதவீதம். அரிசி, கோதுமை போன்ற தானியங்களின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. பானங்களும் பாக்கெட் தின்பண்டங்களும் வெளிச் சாப்பாடும் சேர்ந்து 10 சதவீதத்தைத் தாண்டுகின்றன. தமிழ்நாட்டிலோ ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. உலையில் மிச்சம் பிடிக்க இனி என்ன இருக்கிறது?

பணம் போகும் வழி வேறு. ஏழு லட்ச ரூபாய் கார் கடனை ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 14,700 ரூபாய். வட்டி மட்டும் 1,80,000 ரூபாயைத் தாண்டும். பெட்ரோலும் இன்சூரன்ஸும் தனி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு இது. தக்காளியில் எத்தனை பேரம் பேசினாலும் இதை ஈடுகட்ட முடியாது. அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் என்ன நினைப்பார்கள் என்ற பயமே பல வீடுகளில் இந்தக் கையெழுத்தைப் போட வைக்கிறது. காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் மண்டபத்துக்குப் போனதும் இதே பயத்தால்தான்.

சத்தமில்லாமல் கரையும் காசும் உண்டு. 28 நாள் ரீசார்ஜ் போடுபவர் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை கட்டுகிறார். நான்கு பேர் வீட்டில் அது நான்கு கூடுதல் ரீசார்ஜ்.

மின்கட்டணத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958 ரூபாய். 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலை 2.25 ரூபாயிலிருந்து 4.50 ரூபாயாகிவிடுவதுதான் காரணம். அதன்பின் கட்டணம் ஏறியிருக்கிறது. ஆனால் இந்தப் படிக்கட்டு போகவில்லை. ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போதே மீட்டரை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 75 வாட் மின்விசிறியை மாற்றி 30 வாட் பிஎல்டிசி விசிறி போட்டு, தினம் 12 மணி நேரம் ஓடவிட்டால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். விளிம்பில் நிற்கும் வீட்டை 500க்குள் நிறுத்த அதுவே போதும். இப்படிக் குறைத்தால் யாருடைய தட்டிலும் கை வைக்க வேண்டியதில்லை.

எளிமையாக வாழுங்கள் என்ற அறிவுரையை எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது. கூலி வேலைக்குப் போய் வாரத் தவணை கட்டும் பெண்ணிடம் குறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவரை நெருக்குவது செலவு அல்ல, வட்டி. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் சட்டம் இயற்றியிருக்கிறது. வாசலில் வந்து கத்துபவர்மீது அச்சமின்றிப் புகார் கொடுக்க முடிகிற அளவுக்குக் காவல் நிலையங்கள் அதைச் செயல்படுத்த வேண்டும்.

சம்பளம் வரும் வீடுகளில், மளிகைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே வீட்டின் ஒவ்வொரு கடனும், அதன் வட்டியும், முடியும் மாதமும் ஏற வேண்டும். அடுத்த கடனுக்கு அந்த நோட்டை எழுதுபவரின் சம்மதமும் வேண்டும்.